ஏல இலையில் அவித்தது

மதினி,

போடி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் பலாச்சுளை விற்கிறவன், இன்று கொட்டைகளைத் தனியாக ஒரு சாக்கில் கொட்டி வைத்திருந்தான். "கொட்டை என்ன விலைப்பா?" என்றேன். "கொட்டைக்கு யாருக்கா விலை சொல்றது, அள்ளிட்டுப் போங்க" என்றான். நீ இருந்திருந்தால் அவன் சொல்லி முடிப்பதற்குள் முந்தானையை விரித்திருப்பாய். நான் கொஞ்ச நேரம் கௌரவம் பார்த்தேன். பிறகு துணிப்பையை எடுத்து வெட்கமில்லாமல் நிறைய அள்ளினேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "ஆட்டுக்கா?" என்று கேட்டார். ஆமாம், எங்கள் வீட்டில் இரண்டு ஆடு இருக்கிறது, ஒன்று நான், இன்னொன்று என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கொட்டையை நசுக்கித் தோலை உரித்து வேகவைத்தேன். ஒரே ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டு உதிர்த்துப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, குழம்பு கெட்டியாக வரவேண்டும் என்று சோறு வடித்த கஞ்சியில் கொஞ்சம் விட்டேன். கடைசியில் சின்ன வெங்காயத்தை முறுகத் தாளித்துக் கொட்டியதும், உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரர், "இன்னைக்கு மதினி குழம்பா?" என்று குரல் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, உன் குழம்பு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னைத் திட்டுவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அதை நீ உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

நான் மலைக்கு வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் போடியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் மூட்டையோடு விழுந்தவருக்கு இடுப்பு போனது போனதுதான். அவரைச் சிலமலையில் என் மாமியாரிடம் விட்டுவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தேன். ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுக்கும் வேலையும், லயத்து வரிசை வீடுகளில் ஒரு அறையும் கொடுத்தார்கள். வேலை போனால் அன்றைக்கே அறையும் போய்விடும். அதிலும் ஏலக்காய் களவாடினாள் என்று பெயரெடுத்து இறங்கினால் அந்தப் பக்கம் எந்த எஸ்டேட்டிலும் கூப்பிட மாட்டார்கள். வந்த அன்றே எல்லோரும் எனக்குச் சொன்னது இது ஒன்றைத்தான். நான் அனுப்பும் சம்பளத்தில்தான் சிலமலையில் உலை கொதிக்கவேண்டும் என்பதால் எனக்கு அது மனப்பாடமாகவே ஆகிவிட்டது.

பக்கத்து அறையிலிருந்து வந்து நீ சொன்ன முதல் வார்த்தை, "ஏ மதினி, தீப்பெட்டி இருக்கா?" நமக்குள் ஒரு உறவும் இல்லை. நீ பொட்டிபுரம், நான் சிலமலை. வேறு யாரையோ நினைத்துக் கூப்பிடுகிறாய் என்று முழித்தேன். "ஊரக் கேட்டு, சனத்தக் கேட்டு, மொறை கண்டுபுடிச்சுக் கூப்புடுறதுக்குள்ள அடுப்பு அமந்துபோகும். மதினின்னே வெச்சுக்கிருவோம்" என்றாய். நானும் உன்னை மதினி என்றே கூப்பிட்டேன். நம்மில் யார் மூத்தவள் என்று கடைசிவரை நாம் கணக்குப் பார்க்கவே இல்லை.

மழைக்காலத்தில் விறகு நனைந்து கிடக்கும். இரண்டு வீட்டிலும் இரண்டு இரண்டு பாத்திரம் ஏற்றக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு வீட்டில் சோறு, மறு வீட்டில் குழம்பு என்று வைத்துக்கொண்டோம். லயத்துச் சுவர்கள் கூரைவரை போகாது. சுவருக்கு மேலே கிண்ணம் வரும், கிண்ணம் போகும். என் முறை வந்தபோது நான் வைத்த முதல் குழம்பைப் பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சி பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம் மதினி" என்றாய். எனக்குச் சுருக்கென்று வந்தது. மறுநாள் உன் குழம்பைத் தின்ற பிறகு வாயை மூடிக்கொண்டேன். நானும் புளி, மிளகாய், கருவாடுதான் போட்டேன். நீயும் அதையேதான் போட்டாய். என்னுடையதில் கருவாடு முழுசாகக் கிடந்தும் ருசி இல்லை. நீ கால் துண்டைச் சுட்டு உதிர்த்திருந்தாய், சட்டி முழுக்க அதன் வாசம் இருந்தது.

"எண்ணெய மொதல்ல ஊத்துனா சட்டி குடிக்கும், கடைசியில ஊத்துனா நாக்கு குடிக்கும்" என்பாய். தாளிப்பை எப்போதும் இறக்கும்போதுதான் கொட்டுவாய். ரேஷன் அரிசியை வெறும் சட்டியில் லேசாக வறுத்துவிட்டுத்தான் உலையில் போடுவாய், அந்தப் பழைய நாற்றம் ஓடிப்போகும். கப்பைக் கிழங்கு கிடைத்த நாளில் அதை அவித்து, காந்தாரி மிளகாயையும் உப்பையும் கல்லில் நசுக்கி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவாய். மலையாளத்துக்காரர்களிடம் கற்றது. கண்ணில் தண்ணீர் வழியத் தின்போம். பிள்ளைகள் வயிறு நிறைந்து உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடும். மாதக் கடைசியில் ஒன்றுமே இல்லாத நாளில்கூட வெறும் புளித்தண்ணீருக்குப் பூண்டைச் சுட்டுத் தட்டிப் போட்டாய். "ஒன்னும் இல்லன்னு நமக்குத்தான் தெரியணும். சோத்துக்குத் தெரியக் கூடாது" என்றாய். சாப்பிட உட்காரும்போது உனக்கு அவ்வளவு திமிர் இருக்கும். எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது.

லயத்தில் மற்ற யாரும் என்னிடம் ஒட்டவில்லை. கோடி வீட்டுப் பேச்சி என்னைக் கண்டால் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, யாரென்று தெரியாத பெண், புருஷனும் கூட இல்லை. நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் சுவருக்கு மேலாக எல்லா வீட்டுப் பேச்சும் சிரிப்பும் வந்து விழும்போது, அதில் எனக்கென்று ஒரு சொல்லும் இல்லாதது வலிக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. மகளுக்குக் காய்ச்சல் விட்டு, வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று நச்சரித்தாள். ரேஷன் அரிசி மாவு இருந்தது, தட்டைப்பயறு கொஞ்சம் இருந்தது. வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டுக் காரக் கொழுக்கட்டை அவித்துவிட்டால் இரவுச் சாப்பாடே முடிந்துவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அதைப் பூவரசு இலையில் வைத்து மடித்து அவிப்போம். மலையில் பூவரசுக்கு எங்கே போவது? பழைய ஏலச் செடிகளைத் தோண்டிவிட்டுப் புதுக் கன்று வைத்த இடத்தில் பச்சை இலை குவியலாகக் கிடந்தது. நீளமான, அகலமான நல்ல இலை. சும்மா மக்கப் போகிறது என்று மடி நிறைய எடுத்து வந்தேன். அன்றைக்கு உன் வீட்டில் யாரும் இல்லை, உன் புருஷன் ஸ்டோரில் காய் உலர்த்தப் போயிருந்தார், நீ குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். இருந்திருந்தால் தடுத்திருப்பாய்.

ஏல இலையில் அந்த லயத்தில் யாரும் எதையும் அவிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. கீழ்நாட்டுக்காரிக்கு இலை என்றால் இலைதான். ஆவி ஏற ஏற, சுவர்களுக்கு மேலாக மணம் போனது. பாயசம் வைத்த வீடு போல லயமே மணத்தது. பக்கத்து அறைகளில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. எனக்கு அதுகூடப் புரியவில்லை. என் சமையலை மெச்சித்தான் அமைதியாகிவிட்டார்கள் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

நீ ஈரத் துணியோடு ஓடி வந்தாய். "ஆத்தி, எலையிலயா அவிச்ச? அடுப்ப அமத்து மதினி, வெரசா அமத்து." நான் தண்ணீரை எடுப்பதற்குள் எங்களை வேலை வாங்கும் கங்காணி வாசலில் நின்றார்.

"ஏலக்கா மணக்குது" என்றார்.

"எலைதாண்ணே. வேணும்னா பாருங்க" என்று ஒரு கொழுக்கட்டையைப் பிரித்துக் காட்டினேன்.

"எலைன்னுதான் எல்லாரும் சொல்லுவாக. எலைய மேல வெச்சுக்கிட்டு உள்ள என்னத்தப் போட்டன்னு யாரு கண்டா? நாளைக்குச் சாயந்திரம் மேனேஜரக் கூட்டியாறேன். அவரு பாத்துச் சொல்லட்டும்." அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

அவர் போனதும் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். மகளைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் இறங்குவதும், சிலமலையில் மாமியார் முகத்தைப் பார்ப்பதும் கண்ணில் வந்து போனது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொழுக்கட்டையைப் பிரித்தாய். தின்றாய். இரண்டாவதையும் பிரித்தாய். "நல்லாத்தேன் இருக்கு" என்றாய். அந்த நேரத்தில் உன்னை அடிக்கலாம் போலிருந்தது. "அழுகாத. புள்ளைக்குக் குடு, நீயும் தின்னு. நாளைக்குச் சாயந்திரம்தான வாராரு. அதுக்கு இன்னும் எம்புட்டோ நேரம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

மறுநாள் காட்டில் காய் எடுக்கும்போது எனக்கு எது பழம், எது பிஞ்சு என்றே தெரியவில்லை. வேலை முடிந்து, ஸ்டோரில் காயை நிறுத்துப் போட்டுவிட்டு, கத்திக்குக் கழுத்தை நீட்டப் போகிறவள் போல லயத்துக்கு நடந்தேன். வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே மணம் வந்தது. முதலில் என் வீட்டுப் பானையில் நேற்றைய வாசம் தங்கிவிட்டதோ என்று நினைத்தேன். கிட்டப் போனால் எல்லாக் கூரையிலும் புகை. எல்லா அடுப்பிலும் பானை. மாவு இருந்தவர்கள் கொழுக்கட்டை, மாவு இல்லாதவர்கள் கப்பைத் துண்டு, ஒருத்தி கருவாட்டையே இலையில் பொட்டலம் கட்டி அவித்திருந்தாள். லயம் முழுக்க ஏலக்காய் மணத்தது. நீ உன் வாசலில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தாய், உனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல.

மேனேஜர் வந்தார். மலையாளத்துக்காரர், குடையும் ரப்பர் பூட்ஸுமாக. "ஏது வீடு?" என்று கேட்டார். கங்காணி, "அந்தா, அந்த வீடுதான் சார்" என்று உன் வீடும் என் வீடும் ஒட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினார். மேனேஜர் இரண்டு அடி நடந்து மூக்கை உறிஞ்சினார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று உறிஞ்சினார். அதற்கடுத்த வீட்டிலும் நின்றார். கோடி வீட்டிலிருந்து பேச்சி, என்னைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும் அதே பேச்சி, சூடான பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "சாப்புட்டுப் பாருங்க சார். எலைதான் மணக்குது."

அவர் பிரித்து ஊதி ஊதித் தின்றார். எங்கள் மூச்சு அவர் வாயில் இருந்தது. தின்று முடித்து விரலைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரையும் பறஞ்சு வெளியே அனுப்பினா காய் யாரு எடுக்கும் கங்காணி?" என்றார். சிரித்தாரா என்பது குடைக்குள் தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டார். கங்காணி கொஞ்ச நேரம் நின்றார். நீ எழுந்துபோய் அவர் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாய். "வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே, ஆறிரும்" என்றாய். அவரும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அழுதுகொண்டே இருந்தேன். என்னோடு பேசாதவர்கள், என் பெயர்கூடத் தெரியாதவர்கள், எனக்காக அத்தனை பேரும் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன். அதற்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன், மதினி. நல்ல குழம்பு வைத்தால் கோடி வீடுவரை கிண்ணம் போகும். பேச்சிக்குப் பிரசவம் ஆனபோது பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து, நாற்பது நாளும் நான்தான் கூட இருந்தேன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி என் அடுப்பிலிருந்து போனது. அவர்களும் வந்தார்கள். என் மகள் எந்த வீட்டில் சாப்பிட்டாள், எந்த வீட்டில் தூங்கினாள் என்று நான் தேடிய நாட்கள் உண்டு. எஸ்டேட்டை விட்டு இறங்கி, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போடியில் காய் பிரிக்கும் வேலைக்கு வந்த பிறகும் அந்த வீடுகளோடு போக்குவரத்து நிற்கவில்லை. நீ மகன் வீட்டோடு பொட்டிபுரம் போனாய். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து என் குழம்பைக் குறை சொல்லிவிட்டுப் போவாய். கடைசியில் சாப்பாடு இறங்காமல் கிடந்தபோதுகூட, கஞ்சியில் உப்பில்லை என்று மருமகளை வைதாய். இன்னும் கொஞ்ச நாள் இருப்பாய் என்று அதைக் கேட்டு நான் நம்பிவிட்டேன்.

உன் கருமாதிக்குப் பேச்சி வந்திருந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் மருமகளுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். "ஒங்க அத்தையையும் மாமனையும் அன்னைக்கே லயத்த விட்டு வெரட்டப் பாத்தாக, தாயி. நாங்க அம்புட்டுப் பேரும் எலையில அவிச்சுல்ல காப்பாத்துனோம்."

"அவளை இல்ல பேச்சி, என்னையத்தான" என்றேன்.

"ஒன்னையா?" பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கங்காணி சத்தம் குடுத்தது ஒன் வாசல்ல. ஆனா கண்ணு அவ புருஷன் மேலன்னு சொன்னா. ஸ்டோர்ல காய் ஒணத்துற ஆளுல்ல அவரு? அங்கருந்து காயக் கொண்டாந்து பக்கத்து வீட்டுல வெச்சு அவிக்கிறாகன்னு சந்தேகமாம். 'நாளைக்கு என் குடும்பம் தெருவுல நிக்கும் பேச்சி, இந்த எலைய வெச்சுக்க, எதையாச்சும் அவி'ன்னு வீடு வீடா வந்து கேட்டா. அவ கேட்டு இல்லன்னு யாரு சொல்லுவா?"

கங்காணி உன் புருஷன் பேரையே எடுக்கவில்லை. அவர் சந்தேகப்பட்டது என் ஒருத்தியைத்தான். அதைப் பேச்சியிடம் சொன்னேன். அவள் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டாள்.

"அப்ப நாங்க ஒனக்கா அவிச்சோம்?"

"ஆமா."

அவள் தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு, "பொய் சொல்ல மாட்டேன் தாயி. ஒனக்குன்னா அன்னைக்கு நான் அடுப்பே பத்தவெச்சிருக்க மாட்டேன். வந்தவ செஞ்ச கூத்துக்கு நான் எதுக்குன்னு போயிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சரி விடு. அவிச்சது அவிச்சதுதான்" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையில் சோறு போடச் சொன்னாள்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. உன் புருஷன் தலையைக் கொண்டுபோய் அப்படிப் பணயம் வைத்தாயே, யாராவது ஒருவர் அதைக் கங்காணி காதில் போட்டிருந்தால் உன் குடும்பம் அல்லவா இறங்கியிருக்கும்? இத்தனை வருஷத்தில், என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எத்தனை கதை பேசியிருக்கிறாய், இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் உன் காலைப் பிடித்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. உன் காலை மட்டும்தான் பிடித்திருப்பேன். என் கிண்ணம் உன் வீட்டுச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருக்காது. பேச்சியின் பிள்ளையை நான் குளிப்பாட்டியிருக்க மாட்டேன். அவர்கள் எனக்காக அவித்தார்கள் என்று நம்பித்தான் நான் அவர்களுக்குச் சமைத்தேன். நான் சமைத்ததால்தான் அவர்கள் எனக்கு ஆட்களானார்கள்.

கருமாதி முடிந்த பிறகு பேச்சி வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அவளும் மலையிறங்கி வந்து போடியில் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், இருந்தும் சுற்று வழியாகவே போய் வந்தேன். எனக்காக அவிக்காதவள் வீட்டில் எந்த உரிமையில் போய் உட்காருவது என்று ஒரு கூச்சம். போன வாரம் அவளே ஆள் விட்டாள், வரலையா என்று. சாயங்காலம் போனேன். அவள் அடுப்பில் நின்றாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தட்ட எடுத்துக்கிட்டு ஒக்காரு, எனக்குச் சோலி கெடக்கு" என்றாள். எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். நீயாக இருந்தால் சட்டியைக் கவிழ்த்திருப்பாய். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றேன்.

நீ பொய் சொல்லி வாங்கிக் கொடுத்த இடம் இது, மதினி. நான் எழுந்திருப்பதாக இல்லை.